கையில் கொழுப்புக் கட்டி எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: வெட்டி எடுத்த கட்டியின் லேப் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்

கையிலோ தோள்பட்டையிலோ கொழுப்புக் கட்டி இருந்து, அதை எடுக்க ஏதாவது ஸ்கின் கிளினிக்குக்குப் போக நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் வலது கையிலிருந்து மூன்று கட்டிகளை வெட்டி எடுத்தார்கள். ஒன்றைக்கூடப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. மூன்றும் குப்பைக்குப் போய்விட்டன. அந்தக் கட்டிகள் என்ன வகை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

லிப்போமா எனப்படும் கொழுப்புக் கட்டி பெரும்பாலும் ஆபத்தில்லாதது. தொட்டால் மெத்தென்று இருக்கும், விரலால் தள்ளினால் தோலுக்கு அடியில் நழுவும், வலிக்காது. எனக்கு முழங்கைக்குக் கீழே இரண்டு, தோளை ஒட்டி ஒன்று இருந்தன. கீழே இருந்த இரண்டில் ஒன்று மட்டும் அழுத்தினால் சுரீரென்று வலிக்கும். அதனால்தான் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கிளினிக்கில் சொன்னது: லேசர், தழும்பே தெரியாது, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம், மூன்றுக்கும் சேர்த்து பேக்கேஜ் 18,000 ரூபாய். வலிக்கிற கட்டியைத் தனியாகக் காட்டினேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், வெறும் கொழுப்பு" என்றார்கள். ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. முன்பு காயம் பட்ட இடங்களில் தழும்பு தடித்திருக்கிறதா என்றும் கேட்கவில்லை.

மரத்துப்போகும் ஊசி போட்டதும் தோல் உப்பியது. லேசர் இயந்திரம் அந்த அறையிலேயே இல்லை. கத்தியால்தான் கீறினார்கள். வெட்டியதைக் குறை சொல்லவில்லை. தோலின் மேலிருக்கும் மருவை லேசரால் பொசுக்கலாம். அடியில் இருக்கும் கட்டியை உறையோடு எடுக்க வெட்டுவதுதான் முறை. அதை லேசர் என்று சொல்லிக் காசு வாங்கியதுதான் ஏமாற்று. எடுத்ததை ஒரு ஸ்டீல் தட்டில் போட்டார்கள். மஞ்சளாக, கோழிக் கொழுப்பு மாதிரி, துண்டு துண்டாகக் கிடந்தது. "டெஸ்டுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் கேன்சர் கேஸுக்குத்தான் சார்" என்று பதில் வந்தது. தையல் போட்டு முடிவதற்குள் தட்டு காலி.

சில மாதங்களில் வலித்த இடத்திலேயே மறுபடி கட்டி வந்தது. தோளருகே தையல் போட்ட இடம் தடித்து, சிவந்து, அரிக்கத் தொடங்கியது. கிளினிக்குக்கு ஃபோன் செய்தால், "அது உங்க உடம்பு வாகு சார், புது பேக்கேஜ்தான் போடணும்" என்கிறார்கள்.

அதன்பின் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். அங்கே டாக்டர் கையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கேட்டது, "முன்னாடி எடுத்ததோட பயாப்சி ரிப்போர்ட் எங்க தம்பி?" இல்லை என்றதும் அவர் முகம் மாறியது. அப்புறம் பொறுமையாக விளக்கினார். லிப்போமாவுக்கு மெல்லிய உறை உண்டு; அதை முழுசாக எடுக்காமல் பிய்த்து எடுத்தால் மிச்சத்திலிருந்து மறுபடி வளரலாம். வலிக்கிற கட்டி ஆஞ்சியோலிப்போமாவாக இருக்கலாம், அதாவது கொழுப்போடு ரத்தக் குழாய்களும் கலந்தது. முன்னங்கையில்தான் அதிகம் வரும். அதுவும் ஆபத்தில்லாததுதான். ஆனால் 5 சென்டிமீட்டரைத் தாண்டியது, ஆழத்தில் இருப்பது, வேகமாக வளர்வது, எடுத்த பிறகும் திரும்ப வருவது, இவற்றை ஸ்கேன் பார்க்காமல் தொடக்கூடாது. அரிதாக லிப்போசார்க்கோமா என்ற புற்றுநோய் இதே வேஷத்தில் வரும். கட்டியை லேபில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். தோளருகே தடித்திருப்பது கீலாய்டு, அதாவது காயம் ஆறிய பிறகும் தடித்து வளர்ந்துகொண்டே போகும் தழும்பு. தோளும் நெஞ்சும் அது சுலபமாக வரும் இடங்கள் என்பதால், தழும்பே வராது என்று அங்கே யாரும் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். இப்போது அதற்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். நல்ல வலி.

திரும்ப வந்த கட்டியை அங்கேயே எடுத்தார்கள். கட்டி கெட்டுப்போகாமல் இருக்க ஃபார்மலின் என்ற திரவம் ஊற்றிய சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, என் பெயர், வயது, எந்தக் கை, தேதி எல்லாம் எழுதி ஒட்டி, என் கண்ணெதிரே லேபுக்கு அனுப்பினார்கள். ஆஞ்சியோலிப்போமா, புற்றுநோய் அறிகுறி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அது வரும்வரை வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. முதலிலேயே அந்த டப்பாவில் போட்டிருந்தால் இந்தப் பயமே இருந்திருக்காது.

எனவே எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: எந்த லேபுக்கு அனுப்புவீர்கள், ரிப்போர்ட் எப்போது வரும்? "தேவையில்லை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வெட்டப்போகிறவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிகளின்படி மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். என் ரசீதில் "பேக்கேஜ்" என்ற ஒரே வார்த்தையும் தொகையும்தான் இருந்தன, டாக்டர் பெயரே இல்லை. ஆவணங்களைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை.

காசு கொடுத்துப் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நான் ரசீதையும், கையின் புகைப்படங்களையும், அரசு மருத்துவமனை ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். "தழும்பே வராது, கேரண்டி" என்று எனக்கு எழுத்தில் வந்தது அதில் மட்டும்தான்.