ஜெனெடெகா ரிவ்யூ: ரஷ்யன் கையெழுத்து படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு போலந்துல வேலை காத்துக்கிட்டு இருக்கு

ரஷ்யால மெடிசின் படிச்சவங்களுக்கு இது நல்லா தெரியும். கிளாஸ்ல இங்கிலீஷ் ஓடும், ஆனா வார்டுக்குள்ள கால் வச்ச அன்னைக்கே பேஷன்ட் ரஷ்யன், நர்ஸ் ரஷ்யன், கேஸ் ஷீட் முழுக்க டாக்டரோட ரஷ்யன் கிறுக்கல், கத்துக்காம தப்பிக்கவே முடியாது. அப்படி கத்துக்கிட்டது ஊருக்கு வந்தப்புறம் ரொம்ப நாள் சும்மாவே கிடந்துச்சு. இப்ப 4 வருஷமா அது ஒரு வேலைக்கு ஆகுது, அதுவும் நான் நினைச்சே பார்க்காத வேலைக்கு. 140 வருஷம் முன்னாடி போலந்து கிராமத்துல பொறந்த குழந்தைங்களோட பிறப்புப் பதிவ படிச்சு சொல்றது.

அதுக்கு நான் தினமும் திறக்கிற தளம் ஜெனெடெகா. போலந்து வம்சாவளி சங்கம் நடத்துறது. சர்ச் பதிவேடுகள்ல இருக்கிற பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாத்தையும் தன்னார்வலர்கள் உக்காந்து ஒவ்வொரு வரியா டைப் பண்ணி ஏத்தி வச்சிருக்காங்க. ஒரு பைசா கிடையாது, தேடுறதுக்கு அக்கவுண்ட் கூட வேணாம். குடும்பப் பேர போட்டு மாகாணத்த தேர்ந்தெடுத்தா வருஷம், பதிவு எண், பேர், அப்பா பேர், அம்மா பேர், அம்மாவோட பொறந்த வீட்டுப் பேர், எந்த சர்ச்னு வரிசையா வரும். நிறைய வரிகள்ல பக்கத்துலயே ஸ்கேன் லிங்க் இருக்கும், அமுக்கினா அந்த பழைய பக்கமே கண்ணு முன்னாடி வந்து நிக்கும். எனக்கு இந்தத் தளத்துல ரொம்பப் பிடிச்சதே இதுதான். டைப் பண்ணவர் சொன்னத நம்பிக்கோன்னு விடாம நீயே பார்த்துக்கோன்னு மூல பக்கத்துக்கே கூட்டிட்டுப் போகுது. அந்த வரிய யார் டைப் பண்ணாங்கன்னும் போட்டிருக்கும்.

சரி போலந்து பதிவுக்கு எதுக்கு ரஷ்யன்னு கேப்பீங்க. அங்கதான் கதையே. அப்ப போலந்துங்கிற நாடு மூணு பேரரசுக்கு நடுவுல பங்கு போட்டு காணாம போயிருந்துச்சு. வார்சா, லோம்ஜா, ப்வோட்ஸ்க் இந்தப் பக்கமெல்லாம் ஜார் கையில. 1863ல போலந்துக்காரங்க ஜாருக்கு எதிரா எழுந்தாங்க, அத நசுக்கின கையோட பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாத்துலயும் ரஷ்ய மொழிய திணிச்சாங்க. 1868லேர்ந்து சர்ச் பதிவேடும் ரஷ்யன்லதான் எழுதணும்னு ஆயிடுச்சு. எழுதுற பாதிரியார் போலந்துக்காரர், வந்து நிக்கிற விவசாயி போலந்துக்காரர், பேசுறது போலிஷ், பேப்பர்ல விழுறது ரஷ்யன். முதல் உலகப்போர்ல 1915ல ரஷ்யப் படை பின்வாங்குற வரைக்கும் இப்படித்தான். அதனால இன்னைக்கு போலந்துல இருக்கிற பேரப்பிள்ளைங்களுக்கே அவங்க கொள்ளுத்தாத்தா பதிவ படிக்க வரல, அமெரிக்கால இருக்கிறவங்க நிலைமை இன்னும் மோசம். 1808க்கு அப்புறம் 1868 வரைக்கும் போலிஷ்லயே எழுதின பதிவுகள டைப் பண்ண ஆள் கிடைக்குது, ரஷ்யன் வருஷங்களுக்குத்தான் எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஆள் பத்தல.

பதிவு எப்படி இருக்கும்னா, கட்டம் போட்ட பாரம் கிடையாது. நெப்போலியன் சட்டம் வந்த காலத்து வழக்கப்படி முழு வாக்கியமா ஒரு பத்தி. இன்ன கிராமத்துல, ஜனவரி இருபத்தி மூணு, பிப்ரவரி நாலு, ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தி ரெண்டாம் வருஷம், காலை பத்து மணிக்கு, இன்னார் நேர்ல வந்தார், விவசாயி, முப்பது வயசு, ரெண்டு சாட்சி முன்னாடி ஒரு ஆண் குழந்தைய எங்ககிட்ட காட்டினார், இது இன்ன நாள் தன்னோட சட்டப்படியான மனைவி இன்னாளுக்குப் பொறந்ததுன்னு சொன்னார், ஞானஸ்நானத்துல இந்தப் பேர் வச்சோம், ஞானப் பெற்றோர் இன்னின்னார். எண்ணு எதுவும் எண்ணா இருக்காது, வருஷம், வயசு, மணி எல்லாமே எழுத்துலதான். தேதி ரெண்டு இருக்கிறது பிழை இல்ல, முதல்ல ரஷ்யாவோட பழைய காலண்டர், அடுத்தது நாம இப்ப பயன்படுத்துற காலண்டர், 19ஆம் நூற்றாண்டுல ரெண்டுக்கும் 12 நாள் வித்தியாசம், 1900 மார்ச்சுக்கு அப்புறம் 13. ஒரு பத்து பதிவு படிச்சீங்கன்னா வாக்கியம் மனப்பாடம் ஆயிடும், அப்புறம் கண்ணு பேருக்கும் வயசுக்கும் மட்டும்தான் நிக்கும்.

கடைசி வாக்கியம் மட்டும் எனக்கு இன்னும் பழகல. "இந்தப் பதிவு அறிவித்தவருக்கும் சாட்சிகளுக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகையால், வாசித்துக் காட்டப்பட்டு எம்மால் மட்டும் கையெழுத்திடப்பட்டது." ரஷ்யன்ல அந்த "நெகிராமொத்னிம்"ங்கிற சொல், எழுத்தறியாதவங்களுக்குன்னு அர்த்தம், பக்கத்துக்குப் பக்கம் வரும். தன் குழந்தை பேர தனக்குத் தெரியாத எழுத்துல தனக்குச் சொந்தமில்லாத மொழியில யாரோ எழுதுறத பார்த்துக்கிட்டு நின்ன மனுஷங்க.

கஷ்டமான இடம்னா பேர்தான். ரஷ்யன்ல ஹெச் ஓசைக்குன்னு தனி எழுத்து இல்ல, அதையும் ஜி எழுத்துலயே எழுதிடுவாங்க. கிராபொவ்ஸ்கியும் ஹ்ராபொவ்ஸ்கியும் ரஷ்யன் பதிவுல ஒரே மாதிரிதான் தெரியும். நமக்கு இது புதுசு இல்ல, தமிழ்ல கோமதின்னு எழுதினா பாஸ்போர்ட்ல ஜி போடணுமா கே போடணுமான்னு வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும். நல்ல பாதிரியாரா இருந்தா ரஷ்யன் பேர் பக்கத்துலயே அடைப்புக்குறி போட்டு போலிஷ்லயும் எழுதி வச்சிருப்பார், அப்படிப்பட்டவர் எழுதின புத்தகம் கிடைச்சா அந்த வாரமே சந்தோஷம். இல்லன்னா அதே குடும்பத்தோட 1868க்கு முந்தின போலிஷ் பதிவுக்குப் போய் எழுத்த சரிபார்க்கணும். அதுக்கு மேல கையெழுத்து. ரஷ்யன் கூட்டெழுத்துல பாதி எழுத்துங்க ஒரே மாதிரி கோடு கோடாத்தான் இருக்கும், சில எழுத்தர்கள் புண்ணியத்துக்கு ஒண்ணுக்கு மேல கோடும் ஒண்ணுக்கு கீழ கோடும் போட்டு வேறுபடுத்துவாங்க, எல்லாரும் போட மாட்டாங்க. 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின பழைய எழுத்துங்களும் வரும், யாத்னு ஒண்ணு, சொல் கடைசியில ஒலியே இல்லாத கடின அடையாளம் ஒண்ணு, அது ஒரு வாரத்துல பழகிடும்.

ஒரு கேஸ் சொல்றேன், பேரெல்லாம் வேணாம். சிகாகோ பக்கத்துல 70 வயசு தாண்டின அம்மா. அவங்க வீட்ல எல்லாரும் தாத்தா ரஷ்யன்னே நம்பிக்கிட்டு இருந்தாங்க, ஏன்னா அமெரிக்க சென்சஸ்ல பொறந்த இடம் ரஷ்யான்னு இருக்கு, தாத்தா பேர் ஆல்பர்ட். நான் முதல்ல கேட்டது 1920 சென்சஸ் பக்கத்த. அதுல தாய்மொழின்னு ஒரு பத்தி உண்டு, அதுல போலிஷ்னு தெளிவா இருந்துச்சு. அந்தக் காலத்துல போலந்து, லித்துவேனியா, பெலாரஸ், உக்ரைன்ல பெரும்பகுதின்னு எங்கேர்ந்து வந்தாலும் ஜார் ஆண்ட மண்ணா இருந்தா ரஷ்யான்னுதான் எழுதுவாங்க, அந்த ஒரு சொல்ல வச்சு எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஆல்பர்ட்ங்கிறதும் அங்க போய் வந்த பேர். போலந்துல வொய்ச்செஹ்னு வச்ச பேருக்கு அமெரிக்காவுல ஆல்பர்ட், சில வீட்ல ஜார்ஜ்னு ஆக்கிக்கிட்டாங்க, ஸ்தானிஸ்லாவ் ஸ்டான்லி ஆன மாதிரி. குடியேற வந்தவங்கள நியூயார்க் துறைமுகத்துல பதிவு பண்ண எல்லிஸ் தீவுல ஆபீசர் பேர மாத்திட்டார்னு நிறைய குடும்பத்துல கதை இருக்கும், அது அப்படி இல்ல, அங்க இருந்தவங்க கையில இருந்தது கப்பல் கிளம்புற ஊர்லயே எழுதின பட்டியல், பேர் மாறினது பெரும்பாலும் அப்புறம் வேலைக்குச் சேர்ந்த இடத்துலயும் அக்கம்பக்கத்துலயும்தான்.

குடியுரிமை மனுவுல ஊர் பேர் உடைஞ்சு போன ஸ்பெல்லிங்ல இருந்துச்சு. லோம்ஜா பக்கம்னு யூகிச்சு ஜெனெடெகால குடும்பப் பேரோட தேடினேன், வொய்ச்செஹ், 1880, அப்பா அம்மா பேர் ரெண்டும் அவங்க சொன்னதோட பொருந்துச்சு. ஸ்கேன திறந்து முழுசா மொழிபெயர்த்து அனுப்பிட்டேன். மனசுக்கு ஒரு மாதிரி இருந்ததால ரெண்டு நாள் கழிச்சு இறப்புப் பதிவையும் பார்த்தேன், அந்தக் குழந்தை ஒரு வயசு ஆகுறதுக்குள்ள போயிடுச்சு. 1883ல அதே அப்பா அம்மாவுக்கு இன்னொரு பையன், அவனுக்கும் வொய்ச்செஹ். போன குழந்தையோட பேரையே அடுத்ததுக்கு வைக்கிறது அங்க சாதாரணம். தாத்தா இந்த ரெண்டாவது பையன். உடனே அந்த அம்மாவுக்கு எழுதி மன்னிப்பு கேட்டு சரியான பதிவ அனுப்பினேன். அதுலேர்ந்து இறப்புப் பதிவ பார்க்காம எந்தப் பிறப்புப் பதிவையும் யாருக்கும் குடுக்கறதில்ல. புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றதும் இதுதான், பேரும் பெற்றோரும் பொருந்துறது போதாது.

காசு கட்டுற ஒரு தளத்துல, பேர் போட விரும்பல, இந்த ரெண்டு குழந்தையையும் ஒரே ஆளா ஒட்டி யாரோ குடும்ப மரம் போட்டு வச்சிருந்தாங்க, அத பார்த்து இன்னும் நாலு பேர் காப்பி பண்ணிருந்தாங்க. திருத்தச் சொல்லி எழுதினேன், பதில் வரல. மூலப் பக்கத்த காட்டாம வெறும் மரத்த மட்டும் காட்டுற இடத்துல இப்படித்தான் தப்பு குட்டி போடும், எனக்கு இதுல உண்மையிலேயே கோபம் வருது, செத்துப்போன ஒரு குழந்தைய கணக்குலேர்ந்தே அழிச்ச மாதிரி.

ஜெனெடெகாவுல எதிர்பார்க்கக் கூடாததையும் சொல்லிடறேன். எல்லா சர்ச்சும் எல்லா வருஷமும் இருக்காது, தன்னார்வலர் யாராவது எடுத்துச் செஞ்ச ஊர்தான் இருக்கும், ஒரு ஊர்ல 1810லேர்ந்து வரிசையா இருக்கும் பக்கத்து ஊர்ல ஒண்ணுமே இருக்காது. தேடி கிடைக்கலன்னா ஆள் இல்லன்னு அர்த்தம் இல்ல, எந்தெந்த வருஷம் ஏறியிருக்குன்னு அந்தந்த சர்ச்சுக்கு பட்டியல் இருக்கு, முதல்ல அத பாருங்க. போலந்து சட்டப்படி பிறப்பு 100 வருஷம், கல்யாணமும் இறப்பும் 80 வருஷம் கழிச்சுத்தான் திறக்கும், அதுக்கு இந்தப் பக்கம் தேடி பிரயோஜனமில்ல. வார்சா நகரத்து ஆளுங்கன்னா 1944ல ஜெர்மன்காரங்க ஆவணக் காப்பகங்களையே கொளுத்தினாங்க, அதனால மனச தயார் பண்ணிக்கிட்டுத் தேடுங்க.

கூடவே வச்சுக்க வேண்டியது போலந்து அரசு ஆவணக் காப்பகங்களோட ஷுகாய் வ் ஆர்ஹிவாஹ் தளம், ஸ்கேன் எல்லாம் இலவசம், தரவிறக்கமும் பண்ணலாம். யூத குடும்பங்களுக்கு 1995லேர்ந்து ஓடுற ஜேஆர்ஐ போலந்துங்கிற யூதப் பதிவுகளோட பட்டியல் தளம் இருக்கு, ஊரோட அழிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அந்தப் பட்டியல்ல இருக்கிற ஒரு வரிதான் மிச்சம். ஃபேமிலிசர்ச்சும் இலவசம்தான், மார்மன் சர்ச் நடத்துறது, 24 லட்சம் மைக்ரோஃபிலிம் ரோல ஸ்கேன் பண்ற வேலைய 2021ல முடிச்சாங்க.

நிஜமாவே உள் ரஷ்யா குடும்பம்னா வேலை வேற மாதிரி. அங்க ஆர்த்தடாக்ஸ் சர்ச் பதிவேடு கட்டம் போட்டு பிறப்பு, கல்யாணம், இறப்புன்னு மூணு பாகமா இருக்கும், தேதி பழைய காலண்டர் மட்டும். இறப்புல காரணமும் எழுதுவாங்க, சஹோத்கான்னா காசநோய், ஒஸ்பான்னா பெரியம்மை, முதுமைன்னு சிலருக்கு, குழந்தைங்களுக்கு பெரும்பாலும் ரொதீமெத்ஸ், அதாவது வலிப்பு. டாக்டரா அந்தப் பத்திய படிக்கிறப்போ சில நாள் மூடி வச்சுட்டு எழுந்து போயிடுவேன். விவசாயிங்களுக்கு நிலையான குடும்பப் பேர் பரவலா வந்தது 1861ல பண்ணை அடிமை முறை ஒழிஞ்சதுக்கு அப்புறம்தான், அதுக்கு முன்னாடி இவான் பெத்ரோவ்னு இருந்தா பியோத்தரோட மகன் இவான்னு மட்டும் அர்த்தமா இருக்கலாம், நம்ம இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதுக்கும் பின்னாடி போகணும்னா தலைவரிக்காக எடுத்த ரெவிஷன் பட்டியல், 1858 வரைக்கும் மொத்தம் 10 தடவை எடுத்தாங்க, 1811 பட்டியல்ல ஆம்பளைங்க மட்டும்தான். காப்பகத்துல எதைக் கேட்டாலும் ஃபோண்ட் (தொகுப்பு), ஓபிஸ் (அதுக்குள்ள இருக்கிற பட்டியல்), தியேலா (கோப்பு), இந்த மூணு எண் இல்லாம நகராது.

சேர விரும்புறவங்களுக்கு: ரஷ்யன் எழுத்து, எண்ணுங்க, உறவுமுறைச் சொல்லுங்க, போலிஷ் பேர்கள்ல கொஞ்சம் பழக்கம், இது போதும். யாரும் எடுக்காத ஒரு சர்ச்சோட ஒரு வருஷத்த மட்டும் எடுங்க, எக்செல்ல நிரப்பி அனுப்புங்க. புரியாத எழுத்த யூகிச்சு நிரப்பாதீங்க, கேள்விக்குறி போட்டா அடுத்தவங்க பார்த்துச் சொல்லுவாங்க. உதவி கேட்டு வர்றவங்க மதத்தையும் அமெரிக்கா போன வருஷத்தையும் சொல்லியே ஆகணும், எந்தப் பதிவேட்ட தேடணும்ங்கிறது அதுலதான் தெரியும்.

என்னோட ரேட்டிங் 5க்கு 5. அந்த சிகாகோ அம்மா போன மாசம் ஒரு படம் அனுப்பிருந்தாங்க, தாத்தாவோட குடியுரிமை மனுவோட கடைசிப் பக்கம். 1883ல அவரோட அப்பாவால போட முடியாத கையெழுத்து அதுல அடியில இருக்கு, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா நிறுத்தி எழுதினது, ஆல்பர்ட்னு இல்ல, வொய்ச்செஹ்னு.