55 இன்ச் கியூஎல்இடி டிவி: பெட்டியில் போட்டிருப்பதும் ஹாலில் தெரிவதும்

சுமார் 35 ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 55 இன்ச் 4கே கியூஎல்இடி டிவி ஒன்று சில மாதங்களாக எங்கள் ஹாலில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிராண்டு பெயர் சொல்லப் போவதில்லை, சொல்லியும் பயனில்லை. இந்த விலையில் விற்கும் நாலைந்து கம்பெனிகளின் ஸ்பெக் ஷீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லோகோவைத் தவிர பெரிய வித்தியாசம் இருக்காது. டிவி மோசமில்லை, கொடுத்த காசுக்கு உழைக்கிறது. ஆனால் பெட்டி மேல் போட்டிருக்கும் பாதி வரிகள், இந்த டிவி எந்தெந்த சிக்னலை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதைத்தான் சொல்கின்றன. வாங்கியதைத் திரையில் எவ்வளவு நன்றாகக் காட்டும் என்பது வேறு கணக்கு, அது பெரும்பாலும் அட்டையில் இருப்பதில்லை.

எச்டிஆரை, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதியை, எடுத்துக்கொள்வோம். அதில் எச்டிஆர்10, டால்பி விஷன் என்ற இரண்டு வகையும் உண்டு என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பொய் இல்லை, நெட்ஃப்ளிக்ஸில் படம் போட்டால் மூலையில் டால்பி விஷன் என்று வந்து போகிறது. ஆனால் எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகும் திரையை மனதில் வைத்துத்தான் தயார் செய்கிறார்கள், இந்த விலை டிவிகளோ பொதுவாக 300 நிட்ஸ் பக்கத்திலேயே நின்றுவிடும். 1000-க்கான வெளிச்சத்தை 300-க்குள் அமுக்க வேண்டியிருப்பதால், பகலில் ஜன்னல் திறந்திருக்கும் ஹாலில் ஒரு இருட்டுக் காட்சி வந்தால் ஹீரோ எங்கே, வில்லன் எங்கே என்று தேட வேண்டியதுதான். சில படங்களை எச்டிஆர் இல்லாமல் சாதாரணமாகப் பார்த்தாலே பளிச்சென்று இருக்கின்றன. இரவில் விளக்கை அணைத்துவிட்டால் வேறு பிரச்சினை: பேக்லைட் மொத்தத் திரைக்கும் ஒன்றாக எரிகிறது, அதனால் கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பல் பூசினாற்போல் இருக்கிறது. பகுதி பகுதியாக வெளிச்சத்தைக் குறைக்கும் லோக்கல் டிம்மிங் இதில் கிடையாது. நிட்ஸ் எவ்வளவு, லோக்கல் டிம்மிங் உண்டா, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் டால்பி விஷன் லோகோவை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். சாம்சங் டிவிகளில் டால்பி விஷனே கிடையாது, அதற்குப் போட்டியான எச்டிஆர்10 பிளஸ்தான். அதனால் அவர்களுடைய விலை கூடிய மாடல்கள் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

கியூஎல்இடி என்றதும் ஓஎல்இடிக்கு அண்ணன் தம்பி என்று நினைப்பவர்கள் நிறைய. கிடையாது. இது எல்சிடிதான், பின்னால் எல்இடி விளக்கு, நடுவில் நிறத்தைத் தூக்கிக் காட்டும் குவாண்டம் டாட் படலம் ஒன்று, அவ்வளவே. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே எரிந்து தானே அணையும். இருந்தாலும் அந்தப் படலத்தால் பலன் இல்லாமல் இல்லை. பழைய சாதாரண எல்இடி டிவியோடு ஒப்பிட்டால் சிவப்பும் பச்சையும் நல்ல அழுத்தமாக வருகின்றன. பெட்டியில் போட்டிருக்கும் 107 கோடி நிறங்கள் என்பது 10 பிட் பேனலின் கணக்கு. 8 பிட் பேனலில் பக்கத்து நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி இடைப்பட்ட நிறம் போலத் தோன்றவைத்தும் அதே 107 கோடியைப் போட்டுக்கொள்கிறார்கள். யார் எண்ணப் போகிறார்கள்?

அப்புறம் ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் என்ற எண். கடையில் சேல்ஸ்மேன் "இது 120 சார், கிரிக்கெட்டுக்கு அருமையாக இருக்கும்" என்றார். பேனல் 60 ஹெர்ட்ஸ்தான். 120 என்பது கம்பெனி தானாக வைத்துக்கொண்ட ஏதோ ஒரு மோஷன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண், கீழே பொடி எழுத்தில் உண்மை இருக்கிறது. இதற்காக நான் சண்டை போடவில்லை, ஏனென்றால் நம் எச்டி சேனல்கள் வருவதே 50 ஹெர்ட்ஸில், சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். நிஜமான 120 யாருக்குத் தேவை என்றால் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வைத்து விளையாடுபவர்களுக்கு. அவர்கள் எச்டிஎம்ஐ 2.1 (கேபிள் செருகும் போர்ட்டின் புதிய பதிப்பு) என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கிவிட வேண்டாம், 2.1-இன் வசதிகளில் ஒன்றிரண்டை மட்டும் கொடுத்துவிட்டே அந்தப் பெயரைப் போட விதி இடம் கொடுக்கிறது. 4கேயில் 120 ஹெர்ட்ஸ் எந்த போர்ட்டில் வரும் என்று நேராகவே கேளுங்கள். ஃபிரேம்களுக்கு நடுவே டிவியே புது ஃபிரேம் சேர்க்கும் மோஷன் ஸ்மூத்திங்கைக் கிரிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், படம் பார்க்கும்போது அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எந்தப் படமும் மத்தியான சீரியல் மாதிரிதான் ஓடும்.

இந்த டிவியில் என்னை அதிகம் கடுப்பேற்றியது 4கே. அதாவது 4கே படம் அல்ல, அது அழகாகவே இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் பார்ப்பது செட்டாப் பாக்ஸில் எஸ்டி சேனல், அதில் இருப்பது 720 x 576, சுமார் 4 லட்சம் பிக்சல். இந்தத் திரையில் 83 லட்சம். ஒரு பிக்சலை வைத்துக்கொண்டு இருபதை நிரப்ப வேண்டும், அந்த வேலையைச் செய்யும் ப்ராசசர் மலிவாக இருந்தால் செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகு பூசியது போல ஆகிவிடுகிறது. இந்த அப்ஸ்கேலிங் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எந்த ஸ்பெக் ஷீட்டும் சொல்லாது. ஷோரூமில் ஓடும் மீன், பூ, பனிமலை வீடியோவை நிறுத்தச் சொல்லி ஒரு எஸ்டி சேனல் போடச் சொல்லுங்கள். போட மாட்டேன் என்றால் பென்டிரைவில் பழைய படம் ஒன்று கொண்டுபோங்கள், நிறத்தைக் கூட்டிக் காட்டும் விவிட் மோடையும் மாற்றிவிட்டுப் பாருங்கள்.

அப்படியே பக்கவாட்டில் நாலடி தள்ளி நின்றும் பாருங்கள். எல்சிடி பேனலில் முக்கியமாக இரண்டு வகை: நிறம் வெளிறினால் விஏ பேனல், வெளிறாவிட்டால் ஐபிஎஸ் வகையாக இருக்கும். ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) சுமார் 1000-க்கு 1, விஏவில் 3000-க்கு மேல், ஆகவே இரவில் இருட்டில் படம் பார்ப்பவருக்கு விஏதான் சரி. எங்களுடையது விஏ; ஓரத்து நாற்காலிக்காரருக்குத்தான் கொஞ்சம் நஷ்டம். ஒரே மாடலில் 43 இன்ச்சுக்கு ஒரு பேனல், 55-க்கு வேறு பேனல் என்பதும் நடக்கிறது, 43-இன் ரிவ்யூவைப் படித்துவிட்டு 55 வாங்க வேண்டாம்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. உட்காரும் தூரம் திரை அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே இருந்தால் சரியாக இருக்கும், 55 இன்ச்சுக்கு ஏழடிக்குக் கொஞ்சம் கூட. கால் இரண்டும் இரண்டு ஓரத்தில் இருக்கின்றன, டிவி அகலமே நாலடி, பழைய ஸ்டாண்டில் நிற்குமா என்று முன்பே அளந்துவிடுங்கள். 2 ஜிபி ரேமில் கூகுள் டிவி ஓடுகிறது, ஆனால் நாலு ஆப் திறந்த பிறகு ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். 30 வாட்ஸ் ஸ்பீக்கர் கீழ்நோக்கிப் பேசுகிறது, பாட்டு கேட்கிறது, வசனம் தெளிவாக இல்லை. ஒலிக்கான டால்பி அட்மாஸ் லோகோவும் டால்பி விஷன் கதைதான்.

ஓடிடியும் கிரிக்கெட்டும் போதும் என்பவர்கள் தைரியமாக வாங்கலாம், அதிலும் 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. எஸ்டி சேனல்தான் அதிகம் என்றால் 43 இன்ச் எடுத்து, மிச்சப் பணத்தில் இஆர்க் போர்ட்டில் (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட்) ஒரு சவுண்ட்பாரை மாட்டுங்கள். இன்னும் பதினைந்தாயிரம் இருபதாயிரம் போட முடிந்தவர்கள் லோக்கல் டிம்மிங் உள்ள மினி எல்இடியைப் பாருங்கள், அதிலும் எத்தனை ஸோன் (தனித்தனியாக வெளிச்சம் குறையும் பகுதி) என்று கேட்டுவிட்டு.