மரமா, ஃபைபரா? தீவுப் பக்கம் பாய் விரிக்க எந்த வள்ளம்

நானும் மச்சானும் இன்னொரு நண்பரும் காசு போட்டு வள்ளம் வாங்கியபோது எங்களுக்குள் நடந்த வாக்குவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. மச்சான் மரம்தான் வேண்டும் என்றார். நான் ஃபைபருக்கு நின்றேன். கடைசியில் வாங்கியது ஃபைபர். அதனால் இந்த அலசல் ஒருபக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எங்கள் தேவை சின்னது. தை முதல் பங்குனி வரை, ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் கிளம்பி மனோலி, முசல், முள்ளி, அப்பா தீவுகளை ஒட்டிப் பாய் விரித்து ஏர்வாடி வரை போய்வர வேண்டும், அவ்வளவுதான். 1986 முதல் அந்தத் தீவுகள் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் இறங்க முடியாது. பவளப்பாறை மேல் நங்கூரம் போடுவதும் பாவம். ஆகவே ராத்திரித் தங்கல் கீழக்கரை மாதிரிக் கரையூர்களில்தான்.

ஆழமில்லாத தண்ணீரில் இரண்டும் ஓடும். பாலத்துக்கு வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கம், அதாவது வடகடலுக்குப் போக வேண்டுமென்றால் பாம்பன் பாலத்தைத் தூக்கும்வரை காத்திருக்க வேண்டாம், பாய்மரத்தைச் சாய்த்துவிட்டு அடியில் நுழைந்துவிடலாம். இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை.

பாய் ஓட்டத்தில் மரம்தான் ஜெயிக்கும், ஒத்துக்கொள்கிறேன். கனமான மரவள்ளம் அலையை வெட்டிக்கொண்டு போகும். ஃபைபர் அலைமேல் தட்டித் தட்டிப் போகும். காற்று பக்கத்திலிருந்து அடித்தால் நாம் ஒரு திசை பார்க்க, வள்ளம் இன்னொரு திசைக்கு நழுவும். அடியில் நாலு மணல் மூட்டை போட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. மெல்லிய காற்றில் மட்டும் ஃபைபர் முந்தும்.

அப்புறம் ஏன் ஃபைபர்? பராமரிப்பு. எங்களைப் போல வருஷத்தில் மூன்று மாதம் ஓட்டுகிறவர்களுக்கு விஷயமே அதுதான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் தென்கடல், அதாவது தீவுகள் இருக்கும் மன்னார் வளைகுடா, ஆண்கடலாகிக் கொந்தளிக்கும், எங்கள் பாய்க்கு அங்கே வேலையில்லை. வள்ளம் சும்மா கிடக்கும். மரவள்ளத்தைக் கரையேற்றினால் வெயிலில் பலகை சுருங்கி இணைப்புகள் வாய் விடும். அடுத்த தையில் கடலில் இறக்கியதும் தண்ணீர் உள்ளே வரும். சரி, தண்ணீரிலேயே கட்டிவைக்கலாம் என்றால் கப்பல்புழு துளைக்கும். வெளியே சின்ன ஓட்டைதான் தெரியும், உள்ளே பலகை சல்லடை. தினமும் கடலுக்குப் போகிறவர் அவ்வப்போது ஏற்றி, அடியைச் சுரண்டி, பலகை இணைப்புகளில் பஞ்சு அடைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிச் சமாளித்துவிடுவார். மதுரையில் வேலை பார்க்கும் எனக்கு அது நடக்கிற காரியமா? அதோடு, பஞ்சடைக்கத் தெரிந்த ஆசாரியைத் தேடுவது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டமாகிவிட்டது.

ஃபைபரைத் தென்னை நிழலில் கவிழ்த்து ஓலை போட்டு மூடினால் போதும். போன வருஷம் கீழக்கரைக்குள் வரும்போது பாறையில் உரசி அடியில் ஒரு முழம் கீறல். தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, மேட் என்கிற கண்ணாடியிழை விரிப்பை வைத்து, ரெசின் என்கிற பசையைப் பூசி இரண்டே நாளில் முடித்தோம். முதல் தடவை ஈரத்தோடு பூசியது மறுநாளே உரிந்து வந்தது, அது எங்கள் அவசரம்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வள்ளத்துக்கு இன்னும் நாலு வயசு ஆகவில்லை. பத்து வருஷம் கழித்து வெயிலுக்கு அது எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. செத்த மரவள்ளம் விறகாகவாவது போகும். உடைந்த ஃபைபர் அப்படியே கரையில் கிடக்கிறது, பார்க்கவே சங்கடம்.

வரும் தைக்குள் வள்ளத்தின் பக்கவாட்டில் தண்ணீருக்குள் இறக்கும் ஒரு பக்கப் பலகை செய்து கட்டிப் பார்க்கப்போகிறோம். வள்ளம் நழுவுவது பாதி குறைந்தாலே மச்சான் வாயை அடைத்துவிடலாம்.