கோல் வித்தியாசம் சமம், புள்ளியில் 13 இடைவெளி: 2023 ஜே2 லீக்கின் நான்கு அணிகள்

ஜப்பானின் இரண்டாம் டிவிஷனான ஜே2 லீக்கில், 2023 சீசனின் கடைசிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதலிடம் பிடித்த மச்சிடா செல்வியா அடித்த கோல் 79, வாங்கியது 35. நான்காம் இடத்தில் நின்ற ஷிமிசு எஸ்-பல்ஸ் அடித்தது 78, வாங்கியது 34. இரண்டுக்குமே கோல் வித்தியாசம் 44. ஆனால் மச்சிடாவுக்கு 87 புள்ளி, ஷிமிசுவுக்கு 74. ஒன்று கோப்பையோடு முதல் டிவிஷனுக்குப் போனது, மற்றது இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அந்த 13 புள்ளி எங்கே போனது? எனக்கு அந்த சீசனின் மொத்தக் கதையும் இந்தக் கேள்விக்குள்ளேதான் இருக்கிறது.

அந்த சீசனின் விதிமுறை எளிமையாக இருந்தது. வெற்றிக்கு மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று. 22 அணிகள், ஆளுக்கு 42 போட்டி. முதல் இரண்டு அணிகள் நேராக மேலே போகும். மூன்று முதல் ஆறு வரை வந்தவை பிளே-ஆஃப் ஆடி, அதில் ஒன்று மட்டும் மேலே போகும். மச்சிடாவுக்குக் கீழே ஜூபிலோ இவாட்டா 75, டோக்கியோ வெர்டி 75, ஷிமிசு 74 என்று மூன்று அணிகள் ஒட்டிக்கொண்டு நின்றன.

ஆட்களை மட்டும் வைத்துப் பார்த்தால் ஷிமிசுதான் ஜெயித்திருக்க வேண்டும். கத்தார் உலகக் கோப்பையில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வீழ்த்திய ஜப்பான் அணியின் கோல்கீப்பர் கோண்டா அங்கே. ஐரோப்பாவில் பல ஆண்டுகள் ஆடித் திரும்பிய இனுயி அங்கே. 2022இல் முதல் டிவிஷனிலேயே அதிக கோல் அடித்த தியாகோ சான்டானாவும் அங்கேதான். இரண்டாம் டிவிஷனில் இப்படி ஓர் அணியைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் முதல் ஏழு போட்டிகளில் ஒரு வெற்றிகூட இல்லை: ஐந்து டிரா, இரண்டு தோல்வி. ஏப்ரல் தொடக்கத்திலேயே பயிற்சியாளர் ஸே ரிக்கார்டோவை நீக்கிவிட்டு அகிபாவிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அதன் பிறகு அணி பிரமாதமாக ஆடியது உண்மை. மே மாதம் இவாக்கி அணியின் மைதானத்துக்கே போய் 9-1 என்று ஜெயித்தார்கள். ஆனால் ஒன்பது கோல் அடித்தாலும் கிடைப்பது மூன்று புள்ளிதான். கோல் வித்தியாசத்தில் எட்டு அந்த ஒரே நாளில் வந்தது. மறுபக்கம், சீசன் முழுக்க 14 டிரா. மச்சிடாவுக்கு டிரா ஒன்பதுதான், வெற்றி 26. ஷிமிசுவின் வெற்றி 20.

மச்சிடா 2022இல் இதே டிவிஷனில் பதினைந்தாம் இடம். சைபர் ஏஜென்ட் என்ற இணைய நிறுவனத்தின் பணம் பின்னால் இருந்தது. எரிக், ஆஸ்திரேலியாவின் மிட்செல் டியூக் என்று பெரிய ஆட்களை எடுத்தார்கள். அதனால் 'காசு ஜெயித்தது' என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை முழுதாக ஏற்கவில்லை. வெறும் காசு ஜெயிக்கும் என்றால் அனுபவமுள்ள ஒரு பெயரைப் பிடித்துப் பயிற்சியாளராகப் போட்டிருப்பார்கள். இவர்கள் கூப்பிட்டது அவோமோரி யமடா என்ற பள்ளியின் அணியைப் பல ஆண்டுகள் நடத்திய குரோடா கோவை. தேசியப் பள்ளிக் கோப்பையை மூன்று முறை வென்றவர், ஆனால் தொழில்முறை அணி ஒன்றை அதுவரை நடத்தியதே இல்லை. அவர் வழி இதுதான்: கோல் வாங்காதே, நீண்ட த்ரோ-இன்னையும் செட் பீஸையும் (ஃப்ரீ கிக், கார்னர் போன்றவை) வீணாக்காதே, ஒரு கோல் முன்னிலை கிடைத்தால் அதை விட்டுவிடாதே. பார்க்க அழகான ஆட்டம் இல்லைதான். ஆனால் ஷிமிசுவின் கையில் டிராவாக நழுவும் போட்டி இவர்களிடம் 1-0 ஆக முடிந்தது. அக்டோபரிலேயே பட்டம் கைக்கு வந்துவிட்டது.

இவாட்டாவின் நிலைமை வேறு. கொலம்பிய வீரர் ஒருவரின் ஒப்பந்தத் தகராறில் ஃபிஃபா தடை விதித்ததால், அந்த சீசனில் புது வீரர் ஒருவரையும் பதிவு செய்ய முடியவில்லை. பக்கத்து ஊர் ஷிமிசுவோடு ஒப்பிட்டால் கைகளைக் கட்டிவிட்டு ஓடவிட்ட மாதிரிதான். புதுப் பயிற்சியாளர் யோகோஉச்சி, தேசிய அணியின் பயிற்சியாளர் மொரியாசுவுக்கு உதவியாளராக இருந்தவர், கையில் இருந்ததை வைத்தே சமாளித்தார். முதல் போட்டியில் 17 வயது கோத்தோ கெய்சுகே இரண்டு கோல் அடித்தான். போட்டி 3-2 என ஒகயாமாவிடம் தோற்றாலும், வெளியே வாங்க முடியாத ஆள் உள்ளேயே கிடைத்தான். அக்டோபரில் இந்த இரண்டு பக்கத்து ஊர் அணிகளும் மோதிய ஷிஸுவோகா டெர்பியில் ஷிமிசுதான் 1-0 என்று ஜெயித்தது. இருந்தும் இறுதிப் பட்டியலில் மேலே இருப்பது இவாட்டா.

நவம்பர் 12, கடைசிச் சுற்று. காலையில் ஷிமிசு 73 புள்ளியோடு இரண்டாம் இடம். மற்ற இருவரும் 72. ஜெயித்தால் போதும், வேறு கணக்கே வேண்டாம். மிட்டோவில் 1-1. இன்னுமொரு டிரா! இவாட்டா டோச்சிகியில் 2-1 என்றும், வெர்டி ஓமியாவில் 2-0 என்றும் ஜெயிக்க, ஷிமிசு நான்காம் இடத்துக்கு இறங்கியது. கோல் வித்தியாசத்தில் வெர்டியை முந்தி இவாட்டா நேராக மேலே போனது.

அப்புறம் வெர்டி. நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இவர்களைத்தான் சொல்வேன். 1993, 1994 இரண்டு ஆண்டும் ஜே-லீக் பட்டம் வென்ற அணி, 2008க்குப் பிறகு முதல் டிவிஷனையே பார்க்கவில்லை. மச்சிடாவின் பணமோ ஷிமிசுவின் நட்சத்திரங்களோ இல்லை. அடித்த கோல் வெறும் 57, ஷிமிசுவைவிட 21 குறைவு. ஆனால் வாங்கியது 31. லீக்கிலேயே குறைவு அதுதான். ஜோஃபுகு என்ற அனுபவசாலிப் பயிற்சியாளர் இளைஞர்களைக் கடைசி நிமிடம் வரை ஓட வைத்தார். ஜூலையில் தேசிய மைதானத்தில் மச்சிடாவிடம் 2-0 என்று பின்தங்கி, 2-2 ஆக்கினார்கள். இரண்டு கோலும் கஷிமா அணியிலிருந்து லோனில் வந்த சோமெனோ அடித்தது.

டிசம்பர் 2, அதே மைதானத்தில் பிளே-ஆஃப் இறுதி: வெர்டி, ஷிமிசு. பார்க்க வந்தவர்கள் 53,264 பேர். டிரா ஆனால் பட்டியலில் மேலே உள்ள அணிக்கே வாய்ப்பு. அதாவது மிட்டோவில் விட்ட புள்ளிக்கான விலையை ஷிமிசு இங்கேயும் கொடுக்க வேண்டியிருந்தது. வெர்டியின் கேப்டன் மொரிட்டாவின் கையில் பந்து பட்டு, சான்டானா பெனால்டியில் கோல் அடித்தார். 90 நிமிடமும் முடிந்து, நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் ஆறாவது நிமிடம். பெட்டிக்குள் சோமெனோ வீழ்த்தப்பட, பெனால்டி. எதிரே கோண்டா. சோமெனோவே அடித்தார், கோல். 1-1. தரையில் விழுந்து அழுத மொரிட்டாவை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அடுத்த ஆண்டு முதல் டிவிஷனில் மச்சிடா மூன்றாம் இடம், வெர்டி ஆறாம் இடம். இவாட்டா 18ஆம் இடத்தில் முடித்து மறுபடியும் இறங்கிவிட்டது. ஷிமிசு அதே அகிபாவோடு ஜே2இல் ஆடி, 38 போட்டியில் 82 புள்ளி எடுத்து சாம்பியன் ஆனது. அந்த சீசனில் அவர்கள் டிரா செய்தது நான்கே போட்டி.