ஒற்றை ஒயரா, நான்கு ஒயரா: பழைய காரில் ஆக்சிஜன் சென்சார்

பழைய பெட்ரோல் காருக்கு, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை உணரும் ஆக்சிஜன் சென்சார் வேண்டும் என்று பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேட்டால், ஒற்றை ஒயர் கொண்டது, நான்கு ஒயர் கொண்டது என இரண்டு வகைகளைக் காட்டுவார்கள். பெரும்பாலும் இரண்டிலும் 18 மி.மீ. மரையே இருப்பதால் எதுவானாலும் புகைக்குழாயின் துளையில் ஏறிவிடும். அதை வைத்து முடிவெடுப்பதுதான் தவறு.

சென்சாருக்குள் இருக்கும் சிர்கோனியா பீங்கான் ஏறத்தாழ 300 டிகிரி சூட்டுக்கு மேல்தான் நம்பத்தக்க மின்னழுத்தம் தரும்: காற்று மிகுந்த கலவைக்கு 0.1 வோல்ட் அளவிலும், பெட்ரோல் மிகுந்ததற்கு 0.9 வோல்ட் அளவிலும். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்தச் சூட்டைப் புகையே கொடுத்தாக வேண்டும். சில்க் போர்டு சந்திப்பில் ஐட்லிங்கில் நெடுநேரம் நின்றால் சென்சார் ஆறிப்போகக்கூடும். அப்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு, சென்சாரின் கணக்கைக் கைவிட்டு, முன்பே பதிந்த அளவில் பெட்ரோல் தெளிக்கிறது. மேலும் இதற்கு எர்த் கிடைப்பது புகைக்குழாய் வழியாகத்தான் என்பதால், குழாய்கள் இணையும் பிளேஞ்சில் துரு ஏறினால் சிக்னலும் தடுமாறும்.

நான்கு ஒயர் சென்சாரில் ஹீட்டரும் தனி எர்த்தும் உண்டு. பரவலாகக் கிடைக்கும் நிற வரிசையில் இரண்டு வெள்ளை ஒயர்கள் ஹீட்டருக்கும், கறுப்பு சிக்னலுக்கும், சாம்பல் எர்த்துக்கும் உரியவை. ஆயினும் பெட்டியிலுள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இணைக்கக் கூடாது. ஹீட்டருக்கான 12 வோல்ட்டை, இன்ஜின் ஓடும்போது மட்டும் மின்சாரம் தரும் பெட்ரோல் பம்ப் ரிலேயிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக எடுப்பதே சரி. நேரே பேட்டரியில் கொடுத்தால், நிறுத்தி வைத்த காரிலும் ஹீட்டர் எரிந்து பேட்டரியைக் காலி செய்துவிடும்.

ஒயரை இணைப்பதில்தான் வாக்குவாதம் வரும். அல்சூரில் எனக்குத் தெரிந்த தமிழ் எலக்ட்ரீஷியன், "ஈயம் வெச்சாத்தாண்ணே உறுதி" என்பார். மற்ற ஒயர்களுக்கு அது பொருந்தலாம். இங்கே பொருந்தாது, ஏனெனில் பல சென்சார்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்று ஒயர் இழைகளுக்கு இடையே உள்ளே போகிறது, ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். ஒயர்களை உலோக இணைப்பானில் வைத்து அழுத்தி இறுக்கும் கிரிம்ப் முறையே நல்லது.

நகரத்துக்குள் ஓடும் காருக்கு என் தேர்வு நான்கு ஒயர்தான். இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டை ஒட்டியே துளை இருந்து, கார் பெரும்பாலும் ஓசூர் நெடுஞ்சாலையில் ஓடுகிறது என்றால், விலை குறைந்த ஒற்றை ஒயரே போதும்.