பிசியோ சென்டரா, மருத்துவக் கல்லூரி பிஎம்ஆர் வார்டா? தம்பிக்காக நாங்கள் எடுத்த முடிவு

தம்பி தென்னை மரத்திலிருந்து விழுந்தது 2019 மே மாதம். முதுகெலும்பில் டி10 என்ற எலும்பு நொறுங்கி, உள்ளே தண்டுவடம் நசுங்கிவிட்டது. தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. பதினான்காம் நாள் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி வரி, ‘பிசியோதெரபி தொடரவும்’. யூரின் டியூபும் பையுமாக ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எங்கே தொடர்வது, யாரிடம் தொடர்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

விசாரித்ததில் மூன்று வழி தெரிந்தது. பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கே வரவழைப்பது. நகரத்தில் இருக்கும் தனியார் ரீஹாப் சென்டரில் மாதக் கட்டணத்துக்குச் சேர்ப்பது. மூன்றாவது, மருத்துவக் கல்லூரியில் பிஎம்ஆர் (பிசிகல் மெடிசின் அண்ட் ரீஹாபிலிடேஷன்) என்று ஒரு துறை இருக்கிறது, அங்கே போவது. நாங்கள் முதல் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மூன்றாவதுக்குப் போனோம். நேராகப் போயிருக்க வேண்டும் என்பதே இப்போது என் எண்ணம். இதை எழுதுவதும் அதற்காகத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பிஎம்ஆர் டாக்டர் வேறு, பிசியோதெரபிஸ்ட் வேறு. பிசியோதெரபிஸ்ட் பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பு படித்தவர். தசைக்கும் மூட்டுக்கும் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. பிஎம்ஆர் டாக்டர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மூன்று வருடம் எம்.டி. படித்தவர். ‘உடலியல் மருத்துவம், மறுவாழ்வு’ என்று பலகையில் போட்டிருக்கும். மருந்து எழுதுவது, சிறுநீர்ப் பையைச் சோதிப்பது, இறுகிப்போன தசைக்கு ஊசி போடுவது, காலைத் தாங்கிப் பிடிக்கும் கேலிப்பரில் எது, எந்த வீல்சேர் என்று முடிவு செய்வது, பிசியோ எந்த நாளில் எதை ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்வது, எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு டாக்டர் இருப்பதே பலருக்குத் தெரியாது. எலும்பு டாக்டரைத் தெரியும், நரம்பு டாக்டரைத் தெரியும், அதோடு சரி.

வீட்டுக்கு வந்த பிசியோ தங்கமான பையன். ஒரு தடவைக்கு 400 ரூபாய். முக்கால் மணி நேரம் கால்களை மடக்கி நீட்டி, கைகளுக்கு எடை கொடுத்துப் பயிற்சி செய்ய வைப்பான். மூட்டு இறுகாமல் இருந்தது அவன் புண்ணியம். ஆனால் தம்பிக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தபோது அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ‘டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணா’ என்றான். எந்த டாக்டர் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அடுத்து தனியார் சென்டர். மாதம் 60,000 ரூபாய். ஏ.சி. அறை, இடுப்பில் பெல்ட் கட்டித் தூக்கி நிறுத்தி டிரெட்மில்லில் கால்களை நகர்த்தும் மெஷின், கரண்ட் வைக்கும் கருவி. சேர்ந்த அன்றே ‘ஆறு மாசத்துல நடக்க வெச்சிடலாம்’ என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நகையை அடகு வைத்தோம். ஆறு வாரம் இருந்தோம். மெஷினில் அவனை நிறுத்தி எடுத்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. அந்த ஆறு வாரத்தில் இரண்டு தடவை காய்ச்சல். யூரின் பையில் வெள்ளை வெள்ளையாகத் திப்பி. இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு மேல் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் புண். பிசியோக்கள் நாள் முழுக்க உழைத்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் என்பவர் வாரத்துக்கு ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவராக இருந்தார். டியூபை மாற்றுவார்கள், ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், மறுபடி மெஷின்.

பக்கத்து அறையில் இருந்த ஒருவரின் மனைவிதான் மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொன்னார். அங்கே பெட் கிடைக்க மூன்று வாரம் காத்திருந்தோம். வசதி என்று பார்த்தால் ஒன்றுமில்லை. நீளமான வார்டு, மின்விசிறி, பயிற்சிக்கூடத்தில் பேரலல் பார், பாய் விரித்த மேடை, பழைய வீல்சேர்கள். கூட ஒருவர் தங்கியே ஆக வேண்டும் என்றார்கள். பத்து வாரம் கடையை மூடிவிட்டு நான் தங்கினேன். செலவு தனியாரில் ஆனதில் ஒரு சின்னப் பங்குதான். இதையெல்லாம் நீட்டி முழக்க வேண்டியதில்லை, யாருக்கும் தெரிந்த வித்தியாசம்.

நான் சொல்ல வந்தது யூரின் விஷயம். கேட்கச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் தண்டுவட அடிபட்டவரின் ஆயுள் கால்களைவிட இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சேர்ந்த இரண்டாம் நாள் காலை ரவுண்ட்ஸ். பேராசிரியர், அவர் பின்னால் மேற்படிப்பு படிக்கும் நான்கு பி.ஜி. மாணவர்கள், பிசியோ, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், நர்ஸ், சமூகப் பணியாளர். தம்பி கட்டில் அருகே நின்று ஒரு மாணவியிடம் கேட்டார், இவருக்கு டியூபை ஏன் எடுக்கணும் என்று. அந்தப் பெண் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். பேராசிரியர் நிறுத்தி, ‘தமிழ்ல சொல்லும்மா. வீட்டுக்குப் போனா பார்த்துக்கப் போறது அவங்க அண்ணன். அவர் கேட்கணும்ல?’ என்றார். அந்தப் பெண் கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் இரண்டு கிட்னி, ஒரு சிறுநீர்ப் பை, கீழே ஒரு வாய் என்று படம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார். தண்டுவடம் இந்த இடத்தில் அறுந்தால் பை தானாகவே இறுகும், அதே நேரத்தில் வாயும் இறுகும், போக வழியில்லாமல் அழுத்தம் மேலே கிட்னிக்குப் போகும். பேராசிரியர் தம்பி பக்கம் திரும்பி, ‘மோட்டார் ஓடும்போது கேட் வால்வை மூடினா என்னப்பா ஆகும்?’ என்றார். ‘பைப் வெடிக்கும் சார்’ என்றான் தம்பி. அடிபட்டதிலிருந்து அவன் தானாக வாய் திறந்து ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

நிரந்தர டியூப் இருந்தால் அழுத்தம் ஏறாது, சரி. ஆனால் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும் டியூப் கிருமிக்கு ஏணி. கல் சேரும். வெள்ளைத் திப்பி அதுதான். அதற்குப் பதிலாக நான்கு அல்லது ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, தானே மெல்லிய டியூபைச் செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடுவது. ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்று அமெரிக்காவில் லேபிடஸ் என்ற மருத்துவர் 1972-ல் எழுதினார். இதைப் பெரிய புரட்சி என்றே மாணவர்களிடம் பேராசிரியர் சொன்னார். முதல் உலகப் போரில் தண்டுவட அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் யூரின் தொற்றிலும் படுக்கைப்புண்ணிலும் இறந்துபோனார்கள். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மான் என்ற மருத்துவர் தண்டுவட அடிபட்டவர்களுக்காக ஆரம்பித்த பிரிவு அந்த நிலையை மாற்றியது. அவரும் முதலில் பிடித்துக்கொண்டது சிறுநீர்ப் பையையும் தோலையும்தான்.

தம்பிக்கு முதலில் யூரோடைனமிக்ஸ் என்ற சோதனை செய்தார்கள். பைக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்த்து, பையைத் தளர்த்த மாத்திரை எழுதினார்கள். பிறகு ஒரு நோட்டு. எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர் குடித்தான், எத்தனை மில்லி வடிந்தது. ஒரு தடவைக்கு 400 மில்லியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தண்ணீர் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டும். முதல் நாள் தானாகச் செய்ய அவனுக்கு நாற்பது நிமிடம் ஆனது. கை நடுங்கியது. நான் உதவப் போனேன். ‘நீங்க வெளியே இருங்க’ என்று நர்ஸ் என்னை அனுப்பிவிட்டார். மூன்றாவது வாரம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு டியூபைக் கழுவி டப்பாவில் போட்டு மூடினான். அதற்குப் பிறகு காய்ச்சல் வருவது நின்றது.

இதுதான் என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம். கற்றுக்கொடுக்கிற டாக்டருக்கு ஒரே விஷயத்தைப் பத்து தடவை விளக்குவது சலிப்பதில்லை, அது அவர் தினசரி வேலை. மாணவருக்குச் சொல்லும்போது நோயாளியும் கேட்கிறான், வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள். சென்டரில் எல்லாவற்றையும் அவர்களே செய்தார்கள். நமக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வந்த அன்று எங்கள் கையில் ஒரு வித்தையும் இல்லை.

தோல் விஷயமும் அப்படித்தான். நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியால் காலையும் இரவும் தன் பின்பக்கத்தைத் தானே பார்ப்பது, வீல்சேரில் கால் மணிக்கு ஒரு முறை கைகளை ஊன்றி எழும்புவது. புண் ஆற எட்டு வாரம் ஆயிற்று.

உண்மையைச் சொல்வதிலும் வித்தியாசம் இருந்தது. நான்காம் நாள் ஊசியும் பஞ்சும் வைத்து உடல் முழுக்கச் சோதித்துவிட்டு, இது முழுமையான காயம், அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்ச்சியோ அசைவோ இல்லை, பழையபடி நடப்பது நடக்காது, கேலிப்பர் போட்டு நிற்கலாம், கொஞ்சம் நகரலாம், வீல்சேர்தான் உன் கால் என்று பேராசிரியர் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். தம்பி இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இப்போது அந்தக் கோபம் இல்லை.

இந்தத் துறை தமிழ்நாட்டில் வேர் பிடித்த கதை தெரிந்தால் இதன் குணம் புரியும். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு நடக்க முடியாமல் போனார். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய், இந்தத் துறையின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, பிஎம்ஆர் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. நோயாளியின் அதே நிலையில் இருந்த ஒருவர் கற்பித்து வளர்த்த துறை இது. சென்னையில் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, புதுச்சேரி ஜிப்மரிலும் துறை உண்டு. தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். அதை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் தானும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். சங்கத்தின் பெயரில் இருக்கும் ‘அமர்’ அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல்.

மருத்துவக் கல்லூரியில் குறை இல்லாமல் இல்லை. மாணவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொரு புது டாக்டரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஓ.பி.யில் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பயிற்சி நேரமும் தனியாரைவிடக் குறைவு. தூரத்தில் இருப்பவர்களுக்கு, வேலையை விட்டுத் தங்க ஆளில்லாதவர்களுக்கு இது சுலபமான வழி அல்ல.

பக்கவாதம் பற்றி அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. பெரியப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டபோது ஒரே ஒரு தடவை பிஎம்ஆர் டாக்டரிடம் காட்டிவிட்டு, மீதியை வீட்டுக்கு வந்த பிசியோவே பார்த்துக்கொண்டார். 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கு வந்து பிசியோ செய்கிறார்கள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கால் எடுத்தவர்களுக்கும், மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கும் எது சரி என்பதை அந்த வழியில் போனவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தண்டுவடம் என்றால் மட்டும் தயங்காமல் சொல்வேன். எந்த இடத்தில் சேர்ப்பதாக இருந்தாலும், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் ‘யூரினை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?’ என்று கேளுங்கள். நாங்கள் சென்டரில் கேட்டிருந்தால், ‘டியூப் இருக்கே, நர்ஸ் மாத்திடுவாங்க’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். கல்லூரியில் அந்த மாணவி பதிலாகப் போட்டுக் காட்டிய படத்தைத் தம்பி கேட்டு வாங்கி வந்தான். வருடா வருடம் கிட்னி ஸ்கேனுக்குப் போகும்போது எடுத்துப்போகும் ஃபைலில் முதல் தாளாக அதுதான் இருக்கிறது.