வரிசையா, விளையாட்டா? குட்டிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தரும் வழிகள்: ஓர் அலசல்

வாரத்தில் இரண்டு மூன்று மாலை, தலா ஒரு மணி நேரம். அரை மைதானம், ஒரே ஒரு கோச், ஐந்து முதல் ஒன்பது வயது வரை பன்னிரண்டு பதினைந்து பிள்ளைகள். நம் ஊர்களில் குழந்தைகளின் கால்பந்துப் பயிற்சி பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று கேட்டால் ஒவ்வொரு கோச்சும் ஒவ்வொன்று சொல்வார். வரிசையில் நிற்கவைத்து டிரில் கொடுப்பவர்கள் உண்டு. ஆளுக்கொரு பந்தைக் கொடுத்துக் கால்வித்தை பழக்குபவர்கள் உண்டு. ஓடிப்பிடித்து ஆட்டங்களுக்குள் பந்தைக் கொண்டுவருபவர்களும், பேசாமல் பக்கத்துக்கு மூன்று பேராக, மூன்றுக்கு மூன்று ஆடவிடுபவர்களும் உண்டு.

இவற்றை ஒப்பிட நான் மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். ஒரு பிள்ளையின் காலில் பந்து எத்தனை முறை படுகிறது? அந்தப் பிள்ளை தானாக எத்தனை முறை முடிவெடுக்கிறது? அடுத்த வாரம் வீட்டில் யாரும் விரட்டாமல் தானே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புகிறதா? என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் முதலில் வர வேண்டும். ஏழு வயதில் வெறுத்துப் போனவன் பன்னிரண்டு வயதில் திரும்பி வருவது கடினம்.

வரிசை டிரில்

எல்லோருக்கும் தெரிந்த காட்சி இது. பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். முதல் பிள்ளை கோன்களுக்கு (தரையில் வைக்கும் பிளாஸ்டிக் கூம்புகளுக்கு) நடுவே பந்தை வளைத்து ஓட்டிப்போய் கோலில் அடித்துவிட்டு வரிசையின் கடைசிக்குத் திரும்பும். வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காக இருக்கும், பெற்றோருக்கும் பிடிக்கும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒருவரின் முறைக்குப் பத்து நொடி என்று வைத்தால் பதினைந்து நிமிடத்தில் மொத்தம் 90 முறை. பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்பது. ஒரு பிள்ளை பந்தோடு இருப்பது ஒன்றரை நிமிடம், சும்மா நிற்பது பதின்மூன்றரை நிமிடம். சித்திரை மாத வெயில் இறங்காத மாலையில் ஆறு வயதுக் குழந்தையை அத்தனை நேரம் நிற்கவைத்தால் முன்னால் நிற்பவனைத் தள்ளும், மண்ணைக் கிளறும், கோனைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளும். அதைக் குறும்பு என்று திட்டுகிறோம். அந்த வயதுக்கு அது இயல்பு. பயிற்சியை அமைத்த விதத்தில்தான் கோளாறு.

இன்னொரு குறையும் உண்டு, அது சட்டென்று கண்ணில் படாது. கோன் நகராது, காலை நீட்டிப் பந்தைப் பிடுங்காது. எந்தப் பக்கம் போவது, எப்போது நிறுத்துவது என்று பிள்ளை யோசிக்க இடமே இல்லை. கோன்களுக்கு நடுவே அழகாக ஓட்டும் பிள்ளை, எதிரில் ஒரு ஆள் வந்ததும் தலையைக் குனிந்தபடி நேரே போய் மோதுவதற்கு இதுதான் காரணம்.

ஆனாலும் வரிசையை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அரசுப் பள்ளியில் நாற்பது பிள்ளைகளையும் மூன்று பந்துகளையும் வைத்துக்கொண்டு பி.டி. வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு வேறு வழி அதிகமில்லை. ஒவ்வொரு பிள்ளையும் உதைக்கும்போது ஊன்றுகால் எங்கே இருக்கிறது என்று நின்று பார்த்துத் திருத்தவும் வரிசை வசதியானது. வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வரிசையில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். காத்திருப்பவர்களைச் சும்மா விடாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து பாஸ் கொடுக்க வைக்கலாம்.

ஆளுக்கொரு பந்து

நெதர்லாந்தின் வீல் கூர்வர் இந்த வழிக்குப் பேர்போனவர். 1974-ல் அந்நாட்டின் ஃபெயனூர்ட் அணி ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஃபா கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் அவர்தான். பெரிய ஆட்டக்காரர்களின் அசைவுகளைப் படத்தில் திரும்பத் திரும்பப் பார்த்து, அவற்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் குழந்தைகளுக்குக் கற்பிக்கலாம் என்றார். உள்ளங்காலால் உருட்டுவது, இரு பாதங்களுக்கு நடுவே தட்டுவது, இழுத்துத் திருப்புவது என்று எல்லாமே அந்த வகை.

காலில் பந்து படும் எண்ணிக்கையில் மற்ற எல்லா வழிகளையும் இது மிஞ்சுகிறது. இடது காலும் வேலை செய்கிறது. ஆட்டத்தில் விட்டால் எந்தப் பிள்ளையும் பழகாத காலைத் தொடவே தொடாது. கூச்சப்படும் குழந்தைக்கும் இது நல்லது, பந்தைப் பிடுங்க யாரும் வருவதில்லை.

ஆனால் பத்து நிமிடம் தாண்டினால் சின்னவர்களுக்குச் சலித்துவிடும். எதிராளியும் இல்லை, கோலும் இல்லை. அதனால் கற்றுக்கொடுத்த கையோடு இருவர் இருவராக ஒருவரையொருவர் தாண்டிப்போகச் சொல்ல வேண்டும். இழுத்துத் திருப்புவது எதற்கு என்று அப்போதுதான் பிள்ளைக்கு விளங்கும். பந்துச் செலவை நினைத்து நிறையப் பேர் தயங்குகிறார்கள். வீட்டில் கிடக்கும் பந்தைக் கொண்டுவரச் சொன்னாலே பாதிப் பேருக்கு ஆகிவிடும்.

ஓடிப்பிடித்து ஆட்டங்கள்

ஐந்து, ஆறு வயதுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். வெளிநாட்டுக் கையேடுகளில் சுறாமீன், கடற்கொள்ளையர் என்று கதைகட்டிய ஆட்டங்கள் நிறைய இருக்கின்றன. அவையும் நன்றாகவே நடக்கும். ஆனால் நம்மிடம் இருப்பதே போதும், விதியை விளக்க ஐந்து நிமிடம் வீணாகாது.

கல்லா மண்ணாவை எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தைக் கோன் வைத்து இரண்டாகப் பிரித்து ஒரு பாதி கல், மறுபாதி மண் என்று வைக்கலாம். எல்லோர் காலிலும் பந்து, பிடிப்பவனுக்கு மட்டும் இல்லை. கோச் "கல்!" என்று கத்தினால் எல்லோரும் பந்தோடு அந்தப் பக்கம் ஓட வேண்டும். கோட்டைத் தாண்டும் முன் பிடிப்பவன் பந்தைத் தட்டிவிடுவான். பந்தைக் காலுக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டுவது, தலையை நிமிர்த்திப் பார்ப்பது, சட்டென்று திரும்புவது எல்லாம் இதில் வந்துவிடுகிறது. யாரும் பாடம் நடத்தவில்லை, பிள்ளை தப்பிக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

லாக் அண்ட் கீ இன்னும் நன்றாகப் பொருந்தும். பந்தைப் பறிகொடுத்தவன் காலை அகட்டி நிற்க வேண்டும். இன்னொருவன் அந்தக் கால்களுக்கு நடுவே பந்தைச் செலுத்தினால் விடுதலை. கிட்டத்தில் குறிபார்த்துப் பாஸ் கொடுக்கும் பயிற்சி இது. வரிசையில் செய்யச் சொன்னால் முனகுபவர்கள் இங்கே ஓடியோடிச் செய்வார்கள், ஏனென்றால் நண்பன் மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

இவ்வகை ஆட்டங்களில் ஒன்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும், அவுட் ஆனவரை வெளியே உட்காரவைப்பது. முதலில் அவுட் ஆகிறவர் ஆகத் திறமை குறைந்த பிள்ளை. யாருக்கு அதிகப் பயிற்சி தேவையோ அந்தப் பிள்ளைதான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும். பந்தைப் பத்து முறை தட்டிவிட்டு உள்ளே வா என்று சொன்னால் போதும்.

எட்டு, ஒன்பது வயதில் இந்த ஆட்டங்களின் பலன் குறைகிறது. அவர்களுக்குக் கோல் வேண்டும், தோழன் வேண்டும், ஜெயிக்க வேண்டும்.

மூன்றுக்கு மூன்று

ஹாக்கிப் பயிற்சியிலிருந்து கால்பந்துக்கு வந்த ஜெர்மானியர் ஹார்ஸ்ட் வைன் பரப்பிய ஃபுனினோ ஆட்டத்தில் பக்கத்துக்கு மூன்று பேர், மொத்தம் நான்கு குட்டி கோல்கள். ஒரு அணி இரண்டு கோல்களைக் காக்க வேண்டும், இரண்டில் அடிக்கலாம். ஒரு கோலின் முன் கூட்டம் சேர்ந்தால் மற்றொன்று காலியாக இருக்கும். "நிமிர்ந்து பார்" என்று கோச் கத்த வேண்டியதில்லை, நான்கு கோல்களே பிள்ளையை நிமிர வைக்கின்றன. வெகுதூரத்திலிருந்து ஓங்கி உதைப்பதும் எடுபடாது, கோலுக்கு முன்னால் உள்ள பகுதிக்குள் வந்து அடித்தால்தான் கணக்கு.

ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 2024-25 பருவத்திலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு நாடு முழுவதும் இந்த வகைச் சிறு ஆட்டங்களையே கட்டாயமாக்கியது. புள்ளிப்பட்டியலும் கிடையாது. பல குட்டி மைதானங்களில் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். ஜெயித்த அணி ஒரு மைதானம் மேலே போகும், தோற்ற அணி ஒன்று கீழே இறங்கும். இரண்டு மூன்று சுற்றுக்குள் சமபலம் உள்ளவர்கள் எதிரெதிரே வந்துவிடுவார்கள். பத்துக்குப் பூஜ்யம் என்று அழுதுகொண்டு வீடு திரும்பும் நிலை குறைகிறது. இங்கிலாந்தில் 2012-ல் எடுத்த முடிவின்படி ஏழு, எட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு ஐந்துக்கு ஐந்து வந்தது. அமெரிக்கா எட்டு வயது வரை நான்குக்கு நான்கு, கோல்கீப்பரே இல்லை. நம் நாட்டிலும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018-ல் தொடங்கிய பேபி லீக் சிறு அணி ஆட்டங்களைத்தான் நடத்தியது.

சென்னையில் இது புதிதில்லை. வியாசர்பாடியில் இடம் இருந்த அளவுக்கு ஆள் சேர்த்து, செருப்பையோ கல்லையோ கோலாக வைத்து ஆடியவர்கள் எத்தனையோ பேர். இந்திய அணிக்கு ஆடிய நந்தகுமார் சேகர் அந்தப் பகுதியிலிருந்து வந்தவர்.

குறை இல்லாமல் இல்லை. உயரமான, வேகமான ஒரு பிள்ளை இருந்தால் மற்ற இருவரும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். அணிகளை அடிக்கடி மாற்றிக் கலக்க வேண்டும். ஐந்து வயதுக்காரர்கள் பந்தைச் சுற்றி மொய்க்கத்தான் செய்வார்கள், "பரவி நில்" என்று சொல்லிப் பயனில்லை. அதை அப்படியே விடலாம், வயது வரும்போது விலகிப்போகும்.

பெரிய மைதானத்தில் பதினொன்றுக்குப் பதினொன்று ஆடவிடுவதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் பந்தே வராது.

எதை எவ்வளவு?

ஐந்து, ஆறு வயது என்றால் முதல் பிள்ளை வந்து சேர்ந்ததுமே பந்தைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவிடுவேன், தாமதமாக வருபவர் உள்ளே சேர்ந்துகொள்ளலாம். அரை மணி நேரம் ஓடிப்பிடித்து ஆட்டங்கள், நடுவே தண்ணீர், எட்டு நிமிடம் ஆளுக்கொரு பந்து, மீதி முழுக்க இரண்டுக்கு இரண்டோ மூன்றுக்கு மூன்றோ. எட்டு, ஒன்பது வயதில் ஓடிப்பிடித்து பத்து நிமிடம் போதும். கால்வித்தையும் இருவர் இருவராக ஒருவரையொருவர் தாண்டிப்போவதும் பதினைந்து நிமிடம், மீதி நேரம் சிறு ஆட்டங்கள். பந்து எட்டு வயது வரை 3-ம் அளவு, அப்புறம் பன்னிரண்டு வரை 4. பெரியவர்களின் 5-ம் அளவுப் பந்து அந்தக் கால்களுக்குப் பாரம். தலையால் முட்டும் பயிற்சி இந்த வயதில் வேண்டவே வேண்டாம், அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் பத்து வயது வரை அதைத் தடுத்தே வைத்திருக்கிறது.

"விளையாடத்தான் விடுறாரு, இதுக்கா ஃபீஸ் கட்டினோம்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. அவர்கள் காசு கட்டியிருக்கிறார்கள், கேட்க உரிமை இருக்கிறது. கோச் அந்தக் கேள்வியைத் தவிர்க்காமல் எந்த ஆட்டத்தில் என்ன கற்கிறார்கள் என்று மாதம் ஒருமுறை கோட்டோரம் நின்று சொல்லலாம். பெற்றோரும் பிள்ளையை ஒரு இடத்தில் சேர்க்கும் முன் அங்கே ஒரு மாலை போய் நின்று பார்க்கலாம். கூட்டத்தில் ஆகச் சுமாராக ஆடும் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, பத்து நிமிடத்தில் அதன் காலில் பந்து எத்தனை முறை பட்டது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். நூறைத் தாண்டினால் சேர்க்கலாம். பத்தோ பன்னிரண்டோ என்றால் வேறு இடம் பாருங்கள்.